மறதி நோய் உள்ளவர்களும் தயங்காமல் வெளியே வர, எதில் தொடங்குவது?

ஈரநிலம்:

எங்கள் குடியிருப்போர் சங்கம் இந்த ஆண்டு ஒரு வேலையைக் கையில் எடுத்திருக்கிறது. டிமென்ஷியா, அதாவது மறதி நோய், உள்ளவர்கள் எங்கள் பகுதியில் சில வீடுகளில் இருக்கிறார்கள். எத்தனை பேர் என்று தெரியாது, வெளியே சொல்ல வீட்டார் தயங்குகிறார்கள். அவர்கள் முன்பு போலவே கடைக்கும் நூலகத்துக்கும் பூங்காவுக்கும் வந்து போக வேண்டும் என்பது எங்கள் எண்ணம்.

செயற்குழுவில் இதுவரை வந்த யோசனைகள்: செப்டம்பர் 21, உலக அல்சைமர் நாளில் (டிமென்ஷியாவில் அதிகம் காணப்படும் வகை அல்சைமர்) ஒரு பேரணி, ஒரு மருத்துவர் உரை, நுழைவாயிலில் ஒரு பதாகை. மூன்றும் ஒரே நாளில் முடிந்துவிடும். மறுநாள் என்ன செய்வோம் என்று கேட்டேன். யாரிடமும் பதில் இல்லை.

வீட்டில் பார்த்துக்கொள்பவர்கள், இந்தத் துறையில் வேலை செய்பவர்கள், கடை நடத்துபவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள். எதைச் செய்தால் உண்மையிலேயே ஒருவர் வெளியே வருவார்?

மகள்_ஒருத்தி:

சோதிக்கிற கேள்விகளை முதலில் நிறுத்தச் சொல்லுங்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

"என்னைத் தெரியுதா? யாருன்னு சொல்லுங்க பார்ப்போம்" என்று அம்மாவிடம் கேட்காதவர்கள் எங்கள் தெருவில் குறைவு. அன்பாகத்தான் கேட்கிறார்கள். பதில் வராதபோது அம்மாவின் முகம் சுருங்கிப்போகிறது. பெயர் நினைவில் இல்லை, ஆனால் ஏதோ ஒன்றில் தோற்றுவிட்டோம் என்பது மட்டும் நன்றாகத் தெரிகிறது. அதற்குப் பிறகு அன்று முழுக்க வாசலுக்கே வரமாட்டார். "நான் எதிர்வீட்டுப் பொண்ணு, சும்மா உங்களைப் பார்க்கலாம்னு வந்தேன்" என்று நீங்களே சொல்லிவிட்டால் என்ன குறைந்துவிடும்?

அடுத்தது, அம்மா பக்கத்தில் நிற்கும்போதே என்னிடம் "அம்மா இப்ப எப்படி இருக்காங்க? தூங்குறாங்களா?" என்று விசாரிப்பது. அவர் அங்கேதான் நிற்கிறார். அவரிடமே கேளுங்கள். பதில் கோணலாக வந்தாலும் பரவாயில்லை.

பிறகு ஆட்கள் வருவது நின்றுபோகிறது. நோய் தெரிந்த புதிதில் வீடு நிறைய ஆட்கள். போகப்போக யாருமில்லை. "என்ன பேசுறதுன்னே தெரியலை" என்கிறார்கள். பேசவே வேண்டாமே. பக்கத்தில் உட்கார்ந்து பழைய படங்களைப் புரட்டுங்கள், துவைத்த துணியை மடியுங்கள். அம்மா இன்றைக்கும் என்னைவிட ஒழுங்காக மடிப்பார்.

சந்தேகராமன்:

குறுக்கே பேசுகிறேன் என்று யாரும் கோபப்பட வேண்டாம். இது நல்ல மனசோடு ஆரம்பித்து மூன்று மாதத்தில் காணாமல் போகிற வகை வேலை. கடைக்காரருக்கு மாலை நேரத்தில் நிமிர்ந்து பார்க்கவே நேரமில்லை. வங்கியில் இருப்பதே இரண்டு பேர். அவர்களுக்குப் போய் "பொறுமையாக இருங்கள்" என்று வகுப்பெடுத்தால் தலையாட்டுவார்கள், அவ்வளவுதான்.

இன்னொன்றும் கேட்கிறேன். இது குடும்பம் பார்க்க வேண்டியது, மருத்துவம் பார்க்க வேண்டியது. இதில் பக்கத்து வீட்டுக்காரனான எனக்கு என்ன வேலை?

ஓலைச்சுவடி:

சந்தேகராமன், உங்கள் இரண்டாவது கேள்விக்கு முதலில் வருகிறேன். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2021-ல் உலகம் முழுக்க 5.7 கோடிப் பேர் டிமென்ஷியாவோடு வாழ்ந்தார்கள். ஆண்டுதோறும் ஏறத்தாழ 1 கோடிப் பேர் புதிதாகச் சேர்கிறார்கள். டிமென்ஷியாவோடு வாழ்பவர்களில் 60 சதவீதத்துக்கு மேற்பட்டோர் வருமானம் குறைந்த, நடுத்தர நாடுகளில் இருக்கிறார்கள். பராமரிப்புக்குச் செலவாகும் நேரத்தில் சுமார் 70 சதவீதத்தைப் பெண்கள் தருகிறார்கள். "குடும்பம் பார்க்கட்டும்" என்றால் நடைமுறையில் ஒரு மகளோ மருமகளோ மனைவியோ தனியாகப் பார்க்கட்டும் என்றுதான் அர்த்தமாகிறது. மருத்துவமோ, அல்சைமருக்கு முழுதாகக் குணமாக்கும் மருந்து வைத்திருக்கவில்லை. இதற்கு நடுவில் ஒருவர் பல ஆண்டுகள் வாழ்கிறார். அந்த ஆண்டுகள் பெரும்பாலும் மருத்துவமனையில் கழிவதில்லை. தெருவிலும் கடையிலும் பேருந்திலும் கழிகின்றன. உங்கள் வேலை அங்கே வருகிறது.

முதல் கேள்வியில் பாதி ஒப்புக்கொள்கிறேன். ஜப்பான் 2005-ல் ஒரு திட்டம் தொடங்கியது. டிமென்ஷியாவைப் பற்றிச் சுமார் ஒன்றரை மணி நேரப் பயிற்சி, முடிந்ததும் கையில் ஆரஞ்சு வளையம் கொடுத்தார்கள். பள்ளிப் பிள்ளைகள், வங்கி ஊழியர்கள், கடைக்காரர்கள் என்று ஒரு கோடிக்கும் அதிகமானவர்கள் எடுத்துவிட்டார்கள். அதைப் பார்த்துத்தான் இங்கிலாந்தில் 2013-ல் 'டிமென்ஷியா நண்பர்கள்' வந்தது. இரண்டின் மீதும் ஒரே விமர்சனம் உண்டு: எத்தனை பேர் பயிற்சி எடுத்தார்கள் என்று எண்ணுவது எளிது, எடுத்தவர்கள் என்ன செய்தார்கள் என்று எண்ணுவது கடினம். எனவே பயிற்சியோடு நிறுத்திக்கொண்டால் நீங்கள் சொல்வது நடக்கும்.

பெல்ஜியத்தின் ப்ரூஜ் நகரில் ஒரு நல்ல வழி பிடித்தார்கள். பங்கேற்கும் கடைகள் முடிச்சுப் போட்ட சிவப்புக் கைக்குட்டைப் படத்தைக் கதவில் ஒட்டுகின்றன. இங்கே தடுமாறினால் உதவி கிடைக்கும் என்று குடும்பங்களுக்குத் தெரியும். கடைக்காரருக்கும் தான் ஒன்றை ஏற்றுக்கொண்டிருக்கிறோம் என்பது நினைவில் இருக்கும்.

மெதுநடை:

எனக்கு அல்சைமர். 61 வயதில் சொன்னார்கள். கணக்கு எழுதும் வேலையில் இருந்தவன். இதை எழுத எனக்கு நேரமாகும், மகன் எழுத்துப்பிழை பார்த்துத் தருகிறான். கருத்து என்னுடையது.

கடையில் பணம் கொடுக்கும் இடம்தான் எனக்கு மிகக் கடினமான இடம். சில்லறையை எண்ணும்போது பின்னால் நிற்பவர் பெருமூச்சு விட்டால் போதும், எண் நழுவிவிடும். கல்லாவில் இருப்பவர் "மெதுவாகப் பாருங்க, அவசரமில்லை" என்று ஒரு முறை சொன்னால் நிம்மதி. அதையே இரண்டாவது முறை சொன்னால் அவசரம் இருக்கிறது என்று எனக்குப் புரிந்துவிடும். சிலர் உதவுகிறேன் என்று என் பையைத் தாங்களே திறந்து பணத்தை எடுப்பார்கள். அதற்குப் பிறகு அந்தக் கடைக்குப் போக எனக்கு மனம் வருவதில்லை.

பேச்சில் ஒரு சொல் வராமல் நிற்கும்போது காத்திருங்கள். நீங்கள் ஒரு சொல்லை எடுத்துக் கொடுத்தால், அது நான் தேடிய சொல்லாக இல்லாவிட்டால், இரண்டையும் இழந்துவிடுவேன். நீங்கள் சொன்னது எனக்குப் புரியவில்லை என்றால் அதே வாக்கியத்தை அப்படியே திரும்பச் சொல்லுங்கள். மாற்றிச் சொன்னால் எனக்கு அது புது வாக்கியம், முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். "என்ன வேணும்?" என்பதைவிட "இதுவா, அதுவா?" என்று கையில் காட்டிக் கேட்பது எளிது.

சத்தம். ஒலிபெருக்கி, தொலைக்காட்சி, நான்கு பேர் ஒரே நேரத்தில் பேசுவது. எல்லாம் ஒரே அளவில் உள்ளே வருகின்றன. எதைக் கேட்க வேண்டும் என்று என்னால் பிரிக்க முடிவதில்லை.

இன்னொரு தொல்லை, நல்ல நாட்கள். ஒரு நாள் தெளிவாக இருப்பேன், மறுநாள் இருக்கமாட்டேன். "நேத்து நல்லாத்தானே பேசினீங்க?" என்று கேட்கிறார்கள், ஏதோ நடிக்கிறேன் என்பது போல. இவ்வளவு எழுதுகிறாரே, இவருக்கு என்ன நோய் என்று இங்கேயும் யாராவது நினைக்கலாம். மாலை நான்கு மணிக்கு மேல் என்னைப் பார்த்தால் கேட்கமாட்டீர்கள்.

ஈரநிலம் அவர்களுக்கு ஒரு கேள்வி. உங்கள் செயற்குழுவில் எங்களைப் போன்ற ஒருவராவது இருக்கிறாரா?

ஈரநிலம்:

இல்லை ஐயா. குழுவில் ஒருவரைக்கூட அழைக்கத் தோன்றவில்லை என்பதுதான் உண்மை நிலவரம். அழைத்தால் வருவார்களா, கூட்டத்தில் உட்கார முடியுமா என்று ஒரு தயக்கமும் இருக்கிறது. எப்படி நடத்தினால் வசதியாக இருக்கும் என்று சொல்ல முடியுமா?

ஓலைச்சுவடி:

மெதுநடை ஐயா பதில் சொல்வதற்குள் ஒரு தகவல். 2014-ல் டிமென்ஷியா அலையன்ஸ் இன்டர்நேஷனல் என்ற அமைப்பு தொடங்கியது. அதில் முழு உறுப்பினராக வேண்டுமானால் உங்களுக்கு டிமென்ஷியா இருக்க வேண்டும். நிர்வாகமும் அவர்கள் கையில். ஸ்காட்லாந்தில் அதற்கும் முன்பே, 2002-லேயே, நோய் உள்ளவர்கள் தங்களுக்கென்று ஒரு செயற்குழு அமைத்துவிட்டார்கள். ஆகவே "உட்கார முடியுமா" என்பது பழைய கேள்வி.

மெதுநடை:

கூட்டம் காலையில். ஒரு மணி நேரத்துக்குள். ஒருவர் பேசும்போது மற்றவர் பேசக்கூடாது, இது எனக்காக மட்டும் சொல்லவில்லை, எந்தச் சங்கத்துக்கும் நல்லது. என்ன பேசப் போகிறோம் என்று முந்தைய நாளே பெரிய எழுத்தில் ஒரு தாள். முடிவெடுத்ததையும் எழுதிக் கொடுங்கள், இல்லாவிட்டால் வீட்டுக்குப் போனதும் நான் எதற்கு ஒப்புக்கொண்டேன் என்று எனக்கே தெரியாது. வழி தெரிந்த ஒருவர் வந்து அழைத்துப் போனால் நல்லது.

மேடையில் ஏற்றிப் பொன்னாடை போர்த்தாதீர்கள். மாற்ற வேண்டியதைச் சொல்லத்தான் வருகிறேன்.

கோட்டுப்படம்:

கட்டட வடிவமைப்பில் இருக்கிறேன், முதியோர் இல்லங்களுக்கு வேலை செய்திருக்கிறேன். இங்கே எல்லோரும் நினைவைப் பற்றியே பேசுகிறீர்கள். டிமென்ஷியாவில் பார்வையும் மாறுகிறது என்பது பலருக்குத் தெரியாது. கண் சரியாகவே இருக்கும், கண் அனுப்புவதை மூளை பிரித்துப் படிக்கத் தடுமாறும். ஆங்கில எழுத்தாளர் டெர்ரி பிராட்செட் தனக்கு அல்சைமர் என்று 2007-ல் அறிவித்தார். அவருக்கு வந்தது மூளையின் பின்பகுதியைத் தாக்கும் அரிய வகை. அதில் நினைவுக்கு முன்பே பார்வையைப் புரிந்துகொள்ளும் திறன் போய்விடும்.

இதை மனதில் வைத்துக்கொண்டு உங்கள் நூலக வாசலைப் பாருங்கள். வெளிறிய தரையில் ஒரு கறுப்புக் கால்மிதி கிடந்தால் சிலருக்கு அது பள்ளம். தாண்டிக் குதிக்கப் பார்ப்பார்கள், அல்லது அங்கேயே நின்றுவிடுவார்கள். வீட்டார் "வரமாட்டேன்னு அடம் பிடிக்கிறார்" என்பார்கள். தரை பளபளவென்று மின்னினால் தண்ணீர் தேங்கியிருப்பது போல் தெரியும். தரையில் புள்ளியும் கோடுமாக வேலைப்பாடு இருந்தால் குனிந்து பொறுக்க முயல்வார்கள். இரண்டு அறைகளின் தரை நிறம் சட்டென்று மாறினால் அங்கே ஒரு படி இருப்பதாக நினைத்துக் காலைத் தூக்குவார்கள், விழுவார்கள். பெரிய கண்ணாடியில் தெரிகிற தன் உருவமே யாரோ அந்நியர் எதிரில் நிற்பது போல் பயமுறுத்தும்.

படிக்கட்டில் மட்டும் நேர்மாறு. ஒவ்வொரு படியின் விளிம்பும் வேறு நிறத்தில் பளிச்சென்று தெரிய வேண்டும், ஏனென்றால் அங்கே உண்மையிலேயே இறக்கம் இருக்கிறது.

கழிப்பறைதான் நான் அதிகம் சண்டை போடும் இடம். வெள்ளைச் சுவர், வெள்ளைத் தரை, வெள்ளைப் பீங்கான். எங்கே உட்காருவது என்று தெரியாது. இருக்கை மட்டும் அடர் நிறத்தில் இருந்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும். அறிவிப்பு சுவரில் வேண்டாம், கதவின் மேலேயே ஒட்டுங்கள், படமும் எழுத்தும் சேர்ந்து இருக்கட்டும். தொப்பி, விசிறி என்று நாகரிகமாக ஆண் பெண் படம் வரைவதை விட்டுவிடுங்கள். நல்ல கண் உள்ள எனக்கே சில இடங்களில் புரிவதில்லை. உள்ளே போனவர் வெளியே வரும் வழி தெரியாமல் நிற்பது அடிக்கடி நடக்கும், கதவின் உட்புறமும் "வெளியே" என்று எழுதுங்கள். கழிப்பறை எங்கே என்று தெரியாத பயத்தாலேயே வெளியே வருவதை நிறுத்தியவர்கள் நிறையப் பேர்.

இதில் எதற்கும் பெரிய செலவில்லை. கால்மிதியை எடுத்துப் போடுவதற்கு யார் அனுமதி வேண்டும்?

கல்லாப்பெட்டி:

கடைக்காரர் தரப்பில் நான் பேசுகிறேன். சந்தேகராமன் சொன்னது போல மாலை நேரத்தில் எங்களுக்கு மூச்சுவிட நேரமில்லைதான். ஆனால் பதினோரு மணியிலிருந்து மூன்று மணி வரை ஈ ஓட்டுகிறோம். அந்த நேரத்தில் பாட்டை நிறுத்திவிட்டு, "இப்போது நிதானமாக வாங்கலாம்" என்று சொல்வதில் எனக்கு நஷ்டம் எதுவுமில்லை. ஜப்பானிலும் ஐரோப்பாவிலும் சில கடைகளில் மெதுவாக வாங்குபவர்களுக்கென்றே தனி வரிசை வைத்திருக்கிறார்கள் என்று படித்தேன்.

உண்மையான சிக்கல் வேறு. பணம் கொடுக்காமல் பொருளோடு வெளியே நடந்துவிடுவார்கள். அல்லது காலையில் வாங்கியதையே மதியமும் வந்து வாங்குவார்கள். புதுப் பையன் கல்லாவில் இருந்தால் "பிடி பிடி" என்று கத்திவிடுவான். கூட்டம் கூடிவிடும். அதோடு அந்தக் குடும்பம் நம் கடைப் பக்கமே வராது.

எங்களிடம் வாடிக்கையாக வரும் ஒரு பெரியவருக்கு, அவரும் அவர் மகளும் உட்கார்ந்து பேசி ஓர் ஏற்பாடு செய்தோம். பெயரில் ஒரு கணக்கு. அவர் எடுத்துப்போனால் எழுதிக்கொள்வோம், மகள் மாதக் கடைசியில் கட்டுவார். ஒரே பொருளைத் திரும்ப எடுத்தால், பிரிக்காமல் இருந்தால் திரும்ப வாங்கிக்கொள்வோம். அவரிடம் "இது காலையிலேயே வாங்கினீங்களே" என்று வாதாடுவதில்லை. இதில் முக்கியமானது, அவர் நிதானமாக இருந்தபோதே அவரிடமும் கேட்டுச் செய்தது. அவருக்குத் தெரியாமல் மகளோடு மட்டும் பேசியிருந்தால் அது வேறு கதை.

வங்கிக்காரர்களுக்கு நான் யோசனை சொல்ல முடியாது. ஆனால் தொலைபேசியில் ஓடிபி கேட்டு ஏமாற்றுகிறவர்களுக்கு இவர்கள்தான் முதல் இலக்கு. வழக்கத்துக்கு மாறாகப் பெரிய தொகை எடுக்க வந்தால் ஒரு நாற்காலி கொடுத்து உட்காரவைத்து "யாராவது கேட்டாங்களா?" என்று தனியாக விசாரிக்கிற ஊழியர் ஒருவர் இருந்தாலே பெரிய விஷயம்.

நிர்வாகி:

மூளைக்கு மூலிகைச் சூரணம், 40 நாளில் நினைவு திரும்பும் என்று ஒரு பதிவு வந்தது. நீக்கிவிட்டேன். தொடருங்கள்.

சந்தேகராமன்:

கல்லாப்பெட்டி சொன்ன கணக்கு ஏற்பாடு எனக்குப் புரிகிறது. கால்மிதியும் புரிகிறது. இப்படிக் கையில் பிடிக்கிற மாதிரி சொன்னால் நானும் கேட்பேன்.

ஆனால் யாரும் தொடாத ஒன்று இருக்கிறது. வெளியே வா வா என்கிறீர்கள். வந்தவர் சாலையைக் கடக்கும்போது விபத்தானால்? வழி தெரியாமல் போய்விட்டால்? யார் பொறுப்பு? சங்கமா, பிள்ளைகளா, கடைசியாக அவரைப் பார்த்த நானா? பூட்டி வைக்கிற வீட்டாரைக் குறை சொல்வது எளிது.

ஓலைச்சுவடி:

இதே கேள்வி ஒரு நாட்டின் உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறது. ஜப்பானில் ஓபு என்ற நகரம். 2007 டிசம்பரில், டிமென்ஷியா இருந்த 91 வயதுப் பெரியவர் வீட்டை விட்டு வெளியேறித் தண்டவாளத்தில் இறங்கி, ரயில் மோதி இறந்தார். பார்த்துக்கொண்டிருந்த மனைவிக்கும் 85 வயது, சற்றே கண்ணயர்ந்த நேரம். ரயில்கள் தாமதமானதற்கு இழப்பீடு கேட்டு ரயில் நிறுவனம் குடும்பத்தின் மீது வழக்குப் போட்டது. கீழ் நீதிமன்றம் குடும்பம் கட்ட வேண்டும் என்றது. 2016 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அதைத் தள்ளி, அந்தக் குடும்பம் பொறுப்பில்லை என்று தீர்ப்பளித்தது.

கீழ்த் தீர்ப்பு நின்றிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று யோசியுங்கள். வீட்டுக்கு வீடு பூட்டு. அதற்கப்புறம் சில நகராட்சிகள் இப்படிப்பட்ட விபத்துகளுக்குத் தாங்களே காப்பீடு எடுக்கத் தொடங்கின. கோபே நகரம் 2019-ல் அதற்கென்று ஒரு திட்டமே கொண்டுவந்து, செலவை நகரவாசிகள் எல்லோர் மீதும் சிறு வரியாகப் பகிர்ந்தது. நம் சங்கத்தால் அதெல்லாம் முடியாது. ஆனாலும் ஆபத்தைக் குடும்பத்தின் தலையில் மட்டும் கட்டாமல் பிரித்துக்கொள்ளலாம் என்பதற்கு அது உதாரணம்.

இரவுக்காவல்:

காவல் துறையில் இருந்து ஓய்வு பெற்றவன். காணாமல் போன முதியவர்களைத் தேடிய அனுபவம் உண்டு.

பலரும் முதலில் தெருத் தெருவாகத் தேடிவிட்டு, பிறகு உறவினர் வீடுகளுக்குத் தொலைபேசி செய்துவிட்டு, கடைசியில்தான் காவல் நிலையம் வருவார்கள். 24 மணி நேரம் ஆனால்தான் புகார் எடுப்பார்கள் என்று ஒரு நம்பிக்கை வேறு. அப்படி எதுவுமில்லை. வீட்டுக்குள், மாடி, கட்டிலுக்குப் பின்புறம், குளியலறை என்று ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு உடனே சொல்லுங்கள். நேரம் போகப்போக ஆபத்து கூடும். நிறையப் பேர் வீட்டுக்கு அருகிலேயே, புதர் மறைவிலோ பூட்டிய கட்டடத்தின் பின்னாலோ கிடைக்கிறார்கள். கூப்பிட்டால் பதில் கொடுக்கமாட்டார்கள், அதனால் கண்ணால் பார்த்துத்தான் தேட வேண்டும்.

எங்கே போவார்கள்? பெரும்பாலும் ஏதோ ஒரு வேலையாகத்தான் கிளம்பியிருப்பார்கள். பழைய அலுவலகம், பிள்ளையைக் கூப்பிட வேண்டிய பள்ளி, சின்ன வயதில் இருந்த வீடு. இங்கிலாந்துக் காவல் துறையில் 'ஹெர்பர்ட் நெறிமுறை' என்று ஒரு படிவம் வைத்திருக்கிறார்கள். இரண்டாம் உலகப் போரில் நார்மண்டியில் இருந்த ஜார்ஜ் ஹெர்பர்ட் என்பவர் டிமென்ஷியாவோடு தன் சிறுவயது வீட்டைத் தேடிப் போய் இறந்ததால் அந்தப் பெயர். சமீபத்திய புகைப்படம், பழைய முகவரிகள், முன்பு வேலை செய்த இடங்கள், வழக்கமாக நடக்கும் பாதை, மருந்துகள், எந்தப் பெயரில் கூப்பிட்டால் திரும்புவார் என்பது வரை குடும்பமே முன்கூட்டி எழுதி வைக்கும். பதற்றத்தில் இதெல்லாம் ஞாபகத்துக்கு வராது. உங்கள் சங்கம் இப்படி ஒரு தாளைத் தயாரித்து வீடுகளுக்குக் கொடுக்கலாம். தாள் வீட்டிலேயே இருக்கட்டும், சங்க அலுவலகத்தில் பட்டியல் போட்டு வைக்காதீர்கள்.

ஜப்பானில் ஓமுதா என்ற நகரத்தில் 2004 முதல் ஒத்திகையே நடத்துகிறார்கள். ஒருவர் வழி தவறியவர் போல் நடப்பார், செய்தி பரவும், ஊர்க்காரர்கள் அவரைக் கண்டுபிடித்துப் பேச்சுக் கொடுக்க வேண்டும். கண்டுபிடிப்பதைவிடப் பேச்சுக் கொடுப்பதில்தான் பலரும் திணறுவார்கள். எனவே அதைச் சொல்லிவிடுகிறேன். பின்னாலிருந்து தோளைத் தொடாதீர்கள். முன்பக்கமாக, கொஞ்சம் தள்ளி நின்று, உங்கள் பெயரைச் சொல்லுங்கள். ஒருவர் மட்டும் பேசுங்கள், கூட்டம் வேண்டாம். "எங்க போறீங்க, வீடு எங்க, பேர் என்ன" என்று அடுக்காதீர்கள். அவர் போகிற திசையிலேயே கொஞ்ச தூரம் கூட நடங்கள். அதற்குள் இன்னொருவர் தகவல் சொல்லிவிடலாம்.

மகள்_ஒருத்தி:

அம்மாவின் கைப்பையின் உட்புறத்தில் ஜிபிஎஸ் கருவி ஒன்றைத் தைத்து வைத்திருக்கிறேன். அதற்கப்புறம்தான் எனக்குத் தூக்கம் வருகிறது. இதையும் சங்கம் வாங்கிக் கொடுத்தால் நல்லது.

மெதுநடை:

அம்மாவுக்கு அது தெரியுமா?

மகள்_ஒருத்தி:

தெரியாது. சொன்னால் பயப்படுவார், பையைத் தூக்கி எறிவார். கேட்டுச் செய்கிற கட்டம் எங்களுக்குத் தாண்டிவிட்டது ஐயா. உங்களால் இவ்வளவு எழுத முடிகிறது. என் அம்மாவால் தன் பெயரை எழுத முடியாது. எல்லோரையும் உங்களை வைத்து அளக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

மெதுநடை:

நியாயம். உங்கள் அம்மாவைப் பற்றி நான் சொல்ல எதுவுமில்லை.

எனக்கு வேண்டியதை மட்டும் சொல்கிறேன். என்னிடம் இப்போது கேளுங்கள். பதில் சொல்ல முடிகிற காலத்தில் கேட்டால், நான் சரி என்றுதான் சொல்வேன். மகனிடம் சொல்லியும்விட்டேன்: பின்னால் நான் மறுத்தாலும் கருவியை வை, யாருக்கெல்லாம் அது தெரியலாம் என்பது மட்டும் இந்தப் பட்டியல்படி என்று. அந்தப் பட்டியலில் சங்கம் இல்லை. என் பிள்ளை நான் எங்கே இருக்கிறேன் என்று பார்க்கலாம், தெருவே பார்க்கக்கூடாது.

இரவுக்காவல்:

கருவி வாங்கிக் கொடுப்பதை நானும் சங்கத்தின் வேலையாகப் பார்க்கவில்லை. மின்கலம் தீர்ந்த கருவிகளை நிறையப் பார்த்திருக்கிறேன். தெருமுனையில் அவரை முகம் தெரிந்த நான்கு பேர் இருப்பது அதைவிட வேகம்.

பனிமூட்டம்:

புதிதாக எழுதுகிறேன். ஜெர்மனியில் ட்யூசல்டார்ஃப் நகரில் ஒரு முதியோர் இல்லத்தின் வாசலில் பேருந்தே வராத ஒரு நிறுத்தம் வைத்தார்களாம். "வீட்டுக்குப் போகணும்" என்று கிளம்புகிறவர்கள் அங்கே உட்காருவார்கள், கொஞ்ச நேரத்தில் மனம் ஆறி உள்ளே வந்துவிடுவார்கள். நம் பூங்காவிலும் வைக்கலாமே?

கோட்டுப்படம்:

வேண்டாம். இல்லத்துக்குள் அதற்கு ஒரு நியாயம் இருக்கலாம், அங்கேயும் எனக்கு அரை மனசுதான். பொது இடத்தில் பொய் நிறுத்தம் வைத்தால் மற்றவர்களும் காத்திருப்பார்கள். அந்தச் செலவில் உண்மையான நிறுத்தத்தில் நிழலும், கைப்பிடி வைத்த இருக்கையும், பெரிய எழுத்தில் பேருந்து எண்ணும் வையுங்கள். கைப்பிடி இல்லாத பெஞ்சில் உட்கார்ந்தால் பல முதியவர்களால் எழ முடியாது.

மகள்_ஒருத்தி:

அம்மாவும் சொந்த வீட்டிலேயே இருந்துகொண்டு "வீட்டுக்குப் போகலாம்" என்பார். "இதுதாம்மா நம்ம வீடு" என்று வாதாடினால் அழுவார். "வீட்டுல யாரு இருப்பாங்கம்மா?" என்று கேட்டால் பேச ஆரம்பிப்பார். பாட்டி, கிணறு, பூனை எல்லாம் வரும். பொய்யும் சொல்லவில்லை, மறுக்கவும் இல்லை. தெருவில் யாராவது அவரைப் பார்த்தாலும் அப்படியே பேசலாம்.

பனிமூட்டம்:

நன்றி அக்கா. என் மாமனாருக்கு லூயி பாடி என்ற வகை டிமென்ஷியா என்றார்கள். இல்லாத குழந்தைகள் அறையில் விளையாடுவதாகச் சொல்கிறார். பயமுறுத்தவில்லை என்றால் விட்டுவிடுங்கள் என்றார் மருத்துவர். வெளியே கூட்டிப்போனால் பக்கத்தில் இருப்பவர்கள் சிரிப்பார்களோ என்றுதான் கூட்டிப்போவதில்லை.

ஓலைச்சுவடி:

பனிமூட்டம், உங்களைப் போன்றவர்களுக்கென்றே ஒரு ஏற்பாடு உண்டு. நெதர்லாந்தில் பேரே மீசன் என்ற உளவியலாளர் 1997-ல் 'அல்சைமர் கஃபே' தொடங்கினார். நோய் உள்ளவர், வீட்டார், மருத்துவர், அக்கம்பக்கத்தார் எல்லோரும் மாதம் ஒரு முறை ஒன்றாக உட்கார்வார்கள். கொஞ்சம் பேச்சு, கொஞ்சம் இசை, கேள்வி கேட்கலாம், சும்மாவும் இருக்கலாம். யாரும் யாருக்கும் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை. பல நாடுகளுக்குப் பரவிவிட்டது. ஓர் அறையும் பொறுப்பெடுக்க இரண்டு மூன்று பேரும் இருந்தால் தொடங்கலாம். பேரணிக்கு வைத்திருக்கும் நிதி இதற்கு ஓராண்டுக்கு வரும் என்பது என் ஊகம்.

ஈரநிலம்:

செயற்குழுவில் இந்த இழையைப் படித்துக் காட்டினேன். பேரணி போய்விட்டது. பதாகையை விடமாட்டேன் என்கிறார் தலைவர், அதில் அவர் படம் வருமே. சரி, அது ஒரு மூலையில் இருக்கட்டும்.

முடிவானவை: மாதம் ஒரு காலைக் கூட்டம் நூலக அறையில். அதற்கு முன் டிமென்ஷியா உள்ள இரண்டு பேர், அவர்கள் வீட்டாரோடு, வீட்டிலிருந்து கடை, வங்கி, நூலகம் வரை எங்களோடு நடந்து பார்க்க ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். எங்கே நிற்கிறார்கள், எங்கே தயங்குகிறார்கள் என்று அவர்கள் சொல்லச் சொல்ல நாங்கள் குறித்துக்கொள்வோம். கோட்டுப்படம் சொன்னவற்றில் கால்மிதியும் கழிப்பறைக் கதவும் இந்த வாரமே. இரவுக்காவல் ஐயாவின் படிவத்தை எழுதி இங்கே போடுகிறேன், திருத்துங்கள். காப்பீடு பற்றி விசாரிக்கிறோம், பெரிய நம்பிக்கை இல்லை.

வங்கி மட்டும் மேலிடத்தில் கேட்க வேண்டும் என்கிறது.

சந்தேகராமன்:

நூலகக் கழிப்பறை பூட்டியே கிடக்கிற இடமாக இருக்கப்போகிறது. சாவி யாரிடம் இருக்கும் என்று அந்த முடிவுகளோடு எழுதி வையுங்கள். மதியம் பதினொன்றிலிருந்து மூன்று வரை கடைப் பக்கம் ஓர் ஆள் இருந்தால் போதும் என்றால் செவ்வாயும் வெள்ளியும் நான் இருக்கிறேன்.

ஈரநிலம்:

சாவி நூலகரிடம், அவருக்கு உணவு இடைவேளை ஒன்று முதல் இரண்டு வரை. அந்த ஒரு மணி நேரத்துக்கு இன்னொரு சாவி போடச் சொல்லியிருக்கிறேன். செவ்வாய், வெள்ளிக்கு உங்கள் பெயரை எழுதிக்கொண்டேன்.